நான் வெட்டின மழை

ஹலோ... ஹலோ... அத்தானோ? நான் கலா கதைக்கிறன்... ஓம், உதயகலா. இது என்ரை வேலைக் கந்தோர் போன், அதுதான் நம்பர் பிடிபட்டிருக்காது... ஓம்... ஓம்... இல்லை, ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ. உங்களோடை கொஞ்சம் கதைக்கோணும். லொறி ஓடிக்கொண்டோ நிக்கிறியள்?... ஆ, வீட்டிலையோ. நல்லது. மாமி வீட்டிலைதானே?... ஓம்.

நிவேதனா எங்கை?... படம் கீறுறாளோ... மத்தியானம் சாப்பிட்டவளோ?... என்ன, சோறு வேண்டாமெண்டு பாண் தின்னுறாளோ... பரவாயில்லை அத்தான், தின்னட்டும். எதையெண்டாலும் தின்னட்டும். அக்கா இருந்தா... சரி, விடுங்கோ.

ஓம், அக்காவின்ரை அந்தியேட்டிக்குக் கீரிமலையிலை சொல்லியாச்சு. ஐயரோடை நேற்றுக் கதைச்சனான். நாளைக்கு மற்ற நாள் காலமை ஏழு மணிக்கு அங்கை நிக்கச் சொன்னவர்... முப்பத்தோராம் நாள் எண்டு அவரே கணக்குப் பாத்து வைச்சிருக்கிறார்... வான்காரனுக்கும் சொல்லியாச்சு, சாவகச்சேரியிலையிருந்து அஞ்சரைக்கு வெளிக்கிடுவான். நான் தெல்லிப்பழையிலையிருந்து நேரை அங்கை வாறன் எண்டுதான்... எண்டுதான் நினைச்சிருந்தனான்.

இல்லை, அழேல்லை... தடிமன்... ஓம், தடிமன்தான்.

அத்தான், நான் அந்தியேட்டிச் சாமானைப் பற்றிக் கதைக்க எடுக்கேல்லை. வேறை ஒரு விசயம். நாளைக்கு அரசாங்க அதிபர் கச்சேரியிலை விசாரணைக் கூட்டம் இருக்கு... ஓம், வெள்ளத்தைப் பற்றித்தான். சனம் ஒதுங்கின வாசிகசாலையிலை ஏன் அப்பிடி நடந்ததெண்டு கேக்கப் போகினம். எங்கடை ஆய்வு நிலையத்தையும் கூப்பிட்டிருக்கு. நானும் போகோணும்... ஓம்... ஓம், நான்தானே அந்த மழைக் கணக்குகளைப் பாத்தது, அதாலை.

என்ன சொல்லுறியள்?... கேக்குது, கேக்குது, சொல்லுங்கோ... ஓம்... விதி... ஓம்... 'இப்பிடியொரு மழை வருமெண்டு ஆர் கண்டது'... 

அதுதான் அத்தான். அதைத்தான் கதைக்க எடுத்தனான். பணிப்பாளரும் அப்பிடித்தான் அறிக்கையிலை எழுதி வைச்சிருக்கிறார். 'முன்கூட்டி அறிய முடியாத மழை' எண்டு. என்னையும் கையெழுத்து வைக்கச் சொல்லுறார்... இல்லை, நான் வைக்கேல்லை... ஏனெண்டு சொல்லுறன். நாளைக்கு அங்கை சொல்ல முதல் உங்களுக்குச் சொல்லோணும். வேறை ஆரும் வந்து சொல்லி நீங்கள் கேக்கக் கூடாது.

ஒரு நிமிசம் அத்தான்... என்ன சுதாகரன்?... இல்லை, நீங்கள் போங்கோ. நான் கதைச்சு முடிச்சிட்டு வாறன். அந்தக் கதவைச் சாத்திவிடுங்கோ... ஓம். நன்றி.

ஹலோ... நிக்கிறியளோ?... என்னோடை வேலை செய்யிற ஆள். உண்மையிலை அந்தாளுக்குத் தெரியும் நான் உங்களுக்கு என்ன சொல்லப் போறன் எண்டு.

அத்தான், நான் செய்யிற வேலை என்னெண்டு உங்களுக்கு ஒழுங்காச் சொன்னதில்லை என்ன?... ஓம், அக்காவும் ஊருக்குள்ளை 'என்ரை தங்கச்சி மழை சொல்லுறவள்' எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ. நான் மழை சொல்லுறேல்லை. நாளைக்குப் பெய்யுமோ எண்டு பாக்கிறது வேறை ஆக்கள்.

இஞ்சை என்னெண்டால், வானம், கடல், காத்து எல்லாத்தையும் கணக்காக்கி ஒரு பெரிய கணினியிலை ஓட விடுவினம். வெளிநாட்டிலைதான். அது இனி வரப்போற அம்பது அறுபது வருசத்துக்கு எப்பிடியெப்பிடி மழை பெய்யலாமெண்டு நாள் நாளாய் எண் போட்டுத் தரும். எங்கடை குடாநாட்டைச் சதுரம் சதுரமாய் வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண். லட்சக்கணக்கிலை வரும்... ஓம்... அதுக்குள்ளை குப்பையும் வரும் அத்தான். கணக்கு எங்கையாவது இடறிச்செண்டால், யாழ்ப்பாணத்திலை தொண்ணூறு பாகை செல்சியஸ் வெயில் எண்டு வரும். மழை சைபரை விடக் குறைவாய் வரும். ஒரு நாளிலை அஞ்சு மீற்றர் மழை எண்டும் வந்திருக்கு, அந்தச் சதுரத்தைச் சுத்தி ஒரு சொட்டும் இருக்காது. நடக்கவே முடியாத எண்கள். அதுகளைத் தேடிப் பிடிச்சு வெட்டுறதுதான் என்ரை வேலை... ஓம், அரிசியிலை கல்லுப் பொறுக்கிறது மாதிரித்தான். அவ்வளவுதான் என்ரை வேலை.

...

சொல்லுறன். அவசரப்படுத்தாதேங்கோ. எனக்குச் சொல்லக் கஷ்டமாய் இருக்கு.

இரண்டு வருசத்துக்கு முதல், ஆவணி மாசம். தென்மராட்சிக்கு வெள்ள வரைபடம் கீறினவையள். எந்த இடம் தண்ணியிலை போகும், எந்த இடம் போகாது, சனத்தை எங்கை கொண்டுபோய் வைக்கலாமெண்டு... ஓம், கிராமத்து விதானையார் கந்தோர்ச் சுவரிலை ஒட்டிக் கிடக்கிற அதுதான். நீலம் அடிச்ச இடமெல்லாம் தண்ணி வரும். வெள்ளையாய்க் கிடக்கிற இடம் பாதுகாப்பு. அந்த வரைபடத்துக்கு மழைக் கணக்குக் குடுத்தது நான்.

அதிலை ஒரு எண் வந்தது அத்தான். உங்கடை ஊர் இருக்கிற சதுரத்துக்கு. ஒரு நாளிலை நானூற்று எண்பத்தாறு மில்லிமீற்றர்.

...

ஓம். போன மாசம் பெய்ததும் கிட்டத்தட்ட உவ்வளவுதான். ஒரு பத்துப் பன்ரண்டு கூடக் குறைய.

இல்லையில்லை, அது நாள் பாத்துச் சொன்னதில்லை. இந்தக் கார்த்திகையிலை பெய்யும் எண்டு அது சொல்லேல்லை. இப்பிடியும் ஒரு மழை உங்கை பெய்யலாம், ஆயத்தமாய் இருங்கோ எண்டுதான் அதுக்கு அர்த்தம்... ஓம்... நான் அதை வெட்டிப்போட்டன்.

ஹலோ?... அத்தான்?... ஓம். வெட்டினது நான்தான். வேறை ஆரும் இல்லை. கோப்பிலை இண்டைக்கும் கிடக்கு. 'நம்ப முடியாத உச்சம். நீக்கப்பட்டது.' பக்கத்திலை என்ரை பேரின்ரை முதல் எழுத்து.

...

ஓம், ஒரு விதி இருக்கு. இதுவரைக்கும் அளந்த மழையிலை ஆகக் கூடினதை எடுத்து, அதுக்கு மேலை இவ்வளவு போனால் வெட்டு எண்டு. அந்த விதியை எழுதினதும் நான்தான். அந்தப் பழைய அளவுகளை எடுத்துப் பாத்தால், இடையிலை வருசக் கணக்காய் வெறுமையாய்க் கிடக்கு... ஏனோ? சண்டை அத்தான். ஆர் இருந்தது மழை அளக்க? எல்லாரும் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டு திரிஞ்ச காலம். அக்காவும் நானும் கிளிநொச்சியிலை மரத்துக்குக் கீழை நனைஞ்சுகொண்டு இருந்த மழை எந்தக் கோப்பிலை இருக்கு? எனக்கு அது தெரியும். என்ரை தோலுக்குத் தெரியும். ஆனாலும் அளக்காத வருசங்களை மழையே பெய்யாத வருசங்கள் மாதிரி நினைச்சுக்கொண்டு, மிச்சத்தை வைச்சு எல்லை போட்டன். இதுக்கு மேலை பெய்யாதெண்டு.

...

அத்தான், அப்பிடிச் சொல்லாதேங்கோ... இல்லை, கேளுங்கோ... 'நீ வேணுமெண்டு செய்யேல்லை'... ஓம், வேணுமெண்டு செய்யேல்லைத்தான்... ஓம், மெசினும் பிழை விடும்தான்... அத்தான், தயவுசெய்து எனக்காகக் கதைக்காதேங்கோ. முழுக்கக் கேட்டிட்டுக் கதையுங்கோ.

சுதாகரன் அண்டைக்குச் சொன்னவர். 'கலா, பக்கத்துச் சதுரங்களையும் பார்' எண்டு. பிழையான எண்ணெண்டால் அது தனியத்தான் நிக்கும். உண்மையான புயலெண்டால் பக்கத்திலை எல்லாம் மழை கூடியிருக்கும், காத்து சுழண்டிருக்கும், கடலிலை அமுக்கம் விழுந்திருக்கும். நான் பாத்தனான் அத்தான். பாக்காமல் வெட்டேல்லை. பக்கத்திலை எல்லாம் நானூறு, முந்நூற்றெழுபது, முந்நூற்றிருபது. காத்து முல்லைத்தீவுப் பக்கத்தாலை வளைஞ்சு உள்ளுக்கை வருது. ஒரு பிழையும் இல்லை. வடிவான புயல். சுதாகரன் சொன்னவர், 'வெட்டாதை, புறம்பாய் எடுத்து வை, இன்னும் ரெண்டு பேரிட்டைக் காட்டிக் கேப்பம்' எண்டு. நான் 'பிறகு பாப்பம்' எண்டன்.

பிறகு பாக்கேல்லை.

...

ஏனெண்டால்... ஏனெண்டால் அடுத்த நாள் காலமை கூட்டம். கொழும்பிலையிருந்து பொறியியலாளர்மார் வருகினம். நான் ஒருத்திதான் பொம்பிளை, நான்தான் வயசிலையும் குறைஞ்ச ஆள். நானூற்று எண்பத்தாறு எண்டு கொண்டுபோனால் சிரிப்பினம் எண்டு நினைச்சன்... ஓம்... அவ்வளவுதான் அத்தான். சிரிப்பினம் எண்டுதான். இதை விடப் பெரிய காரணம் ஒண்டு கிடைக்குமோ எண்டு இந்த ஒரு மாசமும் தேடிப் பாத்திட்டன். இல்லை.

...

இன்னும் இருக்கு. அந்த எண்ணை வைச்சு ஒருக்கா வரைபடமும் போட்டுப் பாத்தனான். வெட்ட முதல். எனக்குத் தனிய, என்ரை கணினியிலை... ஓம்... தரவை, வயல், குளத்தடி, சந்தை, பாதிக்கு மேலை நீலம்.

...

வாசிகசாலை நீலத்துக்குள்ளைதான் அத்தான்.

...

ஓம். சனத்தை வைக்கக்கூடியதிலை பள்ளிக்கூடம் மட்டும் வெள்ளையாய் நிண்டது. மேட்டுநிலம், மேல்மாடியும் இருக்கு. 

ஹலோ... வைச்சுப்போடாதேங்கோ. லைனிலை நிண்டால் போதும்.

அப்ப... அண்டைக்கு நீங்கள் வவுனியாவிலையிருந்து எடுத்தனீங்கள். காலமை ஆறரைக்கு. ஏ-ஒன்பது றோட்டை மறிச்சாச்சு, லொறியோடை நிக்கிறன், அக்காவையும் பிள்ளையையும் எங்கை போகச் சொல்ல எண்டு கேட்டனீங்கள். வாசிகசாலை எண்டு நான் சொன்னன்... ஓம், யோசிக்கவேயில்லை. 'நானே பாத்த இடம் அத்தான், அங்கை தண்ணி வராது' எண்டன். அந்த நேரம் உந்த எண் எனக்கு ஞாபகத்திலை இல்லை. இரண்டு வருசத்திலை நானே நம்பிப்போட்டன். வெட்டினாப் பிறகு இல்லாததாய்ப் போச்சு... நடிக்கேல்லை அத்தான். உண்மையாய் மறந்துதான் போனன்.

...

ஓம், நீங்கள்தான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னனீங்கள், தெரியும்... இல்லை. இல்லை அத்தான், உங்கடை பிழையில்லை. ஐயோ, அப்பிடி நினைக்காதேங்கோ. நீங்கள் கேட்டது அதைப் படிச்ச ஆளிட்டை. நான் சொன்னதைத்தான் நீங்கள் சொன்னனீங்கள். 

அத்தான், இனிச் சொல்லப்போறது உங்களுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. சுதாகரனுக்கும் நான் சொல்லேல்லை.

அக்கா பிறகு எனக்கு எடுத்தவ.

...

ஓம், அண்டைக்குத்தான். ஒன்பது இருபதுக்கு. நான் பிறகு போனிலை பாத்தனான். நாப்பத்தொரு செக்கன்... இல்லை, உங்களுக்குச் சொல்லேல்லை. செத்தவீட்டிலை நீங்கள் வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'கடைசி நேரத்திலை ஒருக்காக்கூட அவளோடை கதைக்கக் கிடைக்கேல்லையே' எண்டு அழேக்கையும் நான் வாய் திறக்கேல்லை.

சொல்லுறன்... சொல்லுறன்... 'கலா, தண்ணி வாசல்படியைத் தொட்டிட்டுது' எண்டவ. 'மதகடியாலை ஒரு மாதிரி இரைஞ்சுகொண்டு வருது. றோட்டிலை இப்ப முழங்காலளவுதான் நிக்குது. பள்ளிக்கூடத்துக்குப் போறதெண்டால் இப்பவே போகோணும். போகட்டோ?' எண்டு கேட்டவ.

...

'வேண்டாம்' எண்டன்.

'பிள்ளையையும் கொண்டு தண்ணிக்குள்ளை இறங்காதேங்கோ, படிக்கு மேலை வராது, அங்கையே இருங்கோ' எண்டன்... ஓம்... ஓம், நான்தான் சொன்னன். அவ உடனை மற்றச் சனத்தைப் பாத்துச் சொல்லுறா, எனக்குப் போனுக்குள்ளாலை கேக்குது, 'என்ரை தங்கச்சி சொல்லுறாள், வராதாம். ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம்' எண்டு. பதின்மூண்டு பேர் நிண்டவையள் அத்தான். அவ்வளவு பேரும் அவவின்ரை சொல்லிலை நிண்டவையள். அவ என்ரை சொல்லிலை நிண்டவ.

பத்து மணிக்குக் குளக்கட்டு உடைஞ்சது.

...

அத்தான்... ஓம்... ஏசுங்கோ... ஓம்... ஓம்... கத்துங்கோ, நான் கேக்கிறன்...

ஓம்...

ஓம், எனக்குத் தெரியும். கூரையிலை நிண்ட அருட்பிரகாசம் அண்ணை எனக்கும் சொன்னவர். யன்னலுக்குள்ளாலை பிள்ளையை அவரிட்டைத் தூக்கிக் குடுத்திட்டு, அவ ஏறியிருக்கலாம். அற்புதராணி ரீச்சர் உள்ளுக்கை மேசையிலை நிண்டு கத்துறா எண்டு திரும்பிப் போனவ. போன கையோடை அந்தப் பக்கத்துச் சுவர்... ஓம்... எனக்குத் தெரியும் அத்தான். நான் அவவைக் குளிப்பாட்டினனான். கையெல்லாம் கண்டல். ரீச்சரைப் பிடிச்ச பிடியை விடாமல்தான் எடுத்தவையளாம்... எனக்குத் தெரியும்.

...

என்ன கேட்டனீங்கள்?... திரும்பச் சொல்லுங்கோ, விளங்கேல்லை... 

'அந்த எண்ணை விட்டிருந்தால் அவள் இருந்திருப்பாளோ.'

...

தெரியாதெண்டு சொல்லலாம் அத்தான். நாளைக்கு அங்கை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லப்போகினம். கட்டு உடைஞ்சது வேறை கதை, மழை வேறை கதை, ஒரு எண்ணாலை ஒண்டும் மாறியிருக்காதெண்டு. அதிலை கொஞ்சம் உண்மையும் இருக்கு... ஆனால் நீங்கள் என்னட்டைக் கேக்கிறியள். அந்த எண் இருந்திருந்தால் வாசிகசாலை அந்தப் பட்டியலிலை இருந்திருக்காது. விதானையார் முதல் நாளே பள்ளிக்கூடத்தைத் திறந்திருப்பார். நீங்கள் கேக்கேக்கை நான் பள்ளிக்கூடம் எண்டுதான் சொல்லியிருப்பன். றோட்டிலை முழங்காலளவுதான் தண்ணி. அவ பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நடந்திருப்பா.

இருந்திருப்பா அத்தான்.

...

...

ஓம். நிக்கிறன்.

...

சரி... சரி அத்தான்... வரேல்லை. கீரிமலைக்கு நான் வரேல்லை... இல்லை, கோவமில்லை. எனக்கு என்ன கோவம். நீங்கள் சொல்லுறது சரி. அவவுக்குச் செய்யிற இடத்திலை நான் நிக்கக் கூடாதுதான்... ஓம்... ஐயரின்ரை நம்பரை உங்களுக்கு அனுப்பிவிடுறன். பிண்டத்துக்கு அரிசிமாவும் எள்ளும் அவரே கொண்டு வருவார். அக்காவின்ரை அந்தப் பச்சைச் சீலை, என்னட்டைக் கிடக்கிறது, அதை வான்காரனிட்டைக் குடுத்து விடுறன்... ஓம்... வீட்டுக்கும் வரேல்லை. நீங்கள் சொல்லும் மட்டும் வரேல்லை.

நாளைக்கோ?... ஓம், சொல்லத்தான் போறன். எழுதி வைச்சிருக்கிறன், வாசிக்கப் போறன்... வேலை போனால் போகட்டும். அந்த வரைபடம் இன்னும் எல்லா விதானைமாரின்ரை சுவரிலையும் கிடக்கு அத்தான். அடுத்த மழைக்கும் சனம் அதைப் பாத்துத்தான் ஓடும். நான் வாய் திறக்காட்டில் அது அப்பிடியேதான் கிடக்கும்... இல்லை, அதாலை ஒண்டும் ஈடாகாது. எனக்குத் தெரியும். ஈடுக்குச் சொல்லேல்லை.

...

வேறையோ?... ஓம்... வேறை என்ன சொன்னவ... 

அத்தான், இதையும் நான் மறைச்சுப்போட்டன். மறைச்சதில்லை, அந்த நேரம் சொல்ல மறந்து, பிறகு சொல்லப் பயந்து... அந்த நாப்பத்தொரு செக்கனிலை கடைசியாய் உங்களைப் பற்றித்தான் கதைச்சவ.

...

'அவருக்கு எடுக்கிறன், லைன் கிடைக்குதில்லை. உனக்குக் கிடைச்சால் சொல்லு' எண்டவ. 'எங்களைப் பாக்கவெண்டு தண்ணிக்குள்ளாலை லொறியைக் கொண்டு வரவேண்டாமாம் எண்டு சொல்லு. அவர் வெளிக்கிட்டிடுவார், எனக்குத் தெரியும். நாங்கள் நல்லா இருக்கிறம், வவுனியாவிலையே நிண்டு எதையாவது சாப்பிடட்டாம்' எண்டு. அவ்வளவுதான். பிறகு நிவேதனாவை ஏதோ கூப்பிட்டவ. வைச்சிட்டா.

...

ஓம்... 'சாப்பிடட்டாம்' எண்டு... ஓம்.

நான் உங்களுக்கு எடுத்திருக்கோணும். ஒன்பதரைக்கு எடுத்திருந்தால் அவ உயிரோடை இருக்கேக்கையே அவ சொன்னது உங்களுக்குக் கிடைச்சிருக்கும்... எடுக்கேல்லை. பணிப்பாளர் கூப்பிட்டார், மழை அளவு கேட்டார், நான் அளவு எழுதிக்கொண்டு இருந்தன்.

அத்தான்?...

அத்தான்... 

ஹலோ... போனை எங்கையோ வைச்சிட்டியள்... அத்தான், கேக்குதோ?... அழாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு வாயில்லை... மாமி பக்கத்திலை இல்லையோ?... அத்தான்...

...

ஹலோ?... ஆர்?... நிவேதனாவே?... ஓம் குஞ்சு, சித்திதான்... இல்லை, சித்தி அழேல்லை. சித்திக்குத் தடிமன்... ஓம், மருந்து குடிச்சனான்... அப்பா என்ன செய்யிறார்?... கதிரையிலை இருக்கேல்லையோ? நிலத்திலையோ?... முகத்தைப் பொத்திக்கொண்டு... சரி குஞ்சு. பயப்பிடாதை. அப்பாவுக்கு ஒண்டுமில்லை. அப்பாவுக்கு அம்மாவின்ரை ஞாபகம் வந்திட்டுது... ஓம், உனக்கு வாற மாதிரித்தான். பெரிய ஆக்களுக்கும் வரும்.

அப்பம்மா எங்கை?... கிணத்தடியிலையோ. சரி. அவவைப் பேந்து கூப்பிடலாம். இப்ப நீங்கள் ஒரு வேலை செய்யோணும், என்ன? ஒரு செம்பிலை தண்ணி எடுத்துக்கொண்டு போய் அப்பாட்டைக் குடுங்கோ. குடுத்திட்டு அவருக்குப் பக்கத்திலை இருங்கோ. ஒண்டும் கேக்க வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

...

என்ன?... கீரிமலைக்கோ?... இல்லைக் குஞ்சு. சித்தி வரேல்லை... இல்லை, வேலையில்லை... வானிலை இடமிருக்கு, ஓம், எனக்குத் தெரியும், யன்னல் பக்கமும் இருக்கு... சித்தி ஒரு பிழை விட்டிட்டன். அதாலைதான்... பெரிய பிழை... ஓம்...

கணக்கிலையோ எண்டு கேக்கிறியளோ.

ஓம் குஞ்சு. கணக்கிலைதான்.

...

ஓம், கணக்குப் பிழைச்சால் ரீச்சர் ஏசுவா... நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிக்கத்தான் வேணும்... ஓம்... பயமாய்த்தான் இருக்கு...

அப்பா கூப்பிடுறாரோ?... அப்ப ஓடுங்கோ. கெதியா... இல்லை, அவரிட்டைப் போனைக் குடுக்க வேண்டாம். அவருக்கு இப்ப என்னோடை கதைக்க ஏலாது. நீங்களே வைச்சிட்டுப் போங்கோ... கீழை பாருங்கோ, ஒரு வட்டம் இருக்கும். சிவப்பு... பச்சையில்லை அம்மா, சிவப்பு... ஓம், அதுதான், அதை அமத்துங்கோ... நான் வைக்கேல்லை, நீங்கள்தான் வைக்கோணும்... ஓம், அமத்திட்டு அப்பாட்டை—